மாப்பிள்ளை கை வைத்த கம்ப்யூட்டர்

பெண் எடுத்த வீட்டில் நான் சாஃப்ட்வேர் மாப்பிள்ளை. உண்மையில் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் பிரிவில் இருக்கிறேன். எக்செல் தெரியும், விடுப்புக் கணக்கு தெரியும், யாருக்கு என்ன பிடித்தம் என்று தெரியும். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். பெண் பார்க்கப் போன அன்று யாரோ ஒரு பெரியவர் "பையன் சாஃப்ட்வேர்ல இருக்காப்ல" என்றார். நான் மறுக்கவில்லை. மறுத்துத் தொலைத்திருக்கலாம்! வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கேட்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மாமனார் வீடு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில். என் மனைவியின் தம்பி அங்கே புளி வியாபாரம் செய்கிறான். சித்தேரி மலைப் பக்கத்துப் புளியை மொத்தமாக வாங்கி, வீட்டை ஒட்டிய கொட்டகையில் பெண்களை உட்கார வைத்துத் தட்டிக் கொட்டை எடுத்து, பொட்டலம் போட்டு சேலத்துக்கும் பெங்களூருக்கும் அனுப்புவான். போன பொங்கலுக்கு நாங்கள் போனபோது அவன் கால் தரையில் படவில்லை. துபாயில் ஒரு மொத்த வியாபாரிக்கு அவனுடைய சாம்பிள் பிடித்துப்போய், விலையும் பேசி முடிந்திருந்தது. ஆர்டர் மெயிலில் வரும், இவன் அதற்கு உறுதி செய்து பதில் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. "புளி யாவாரமா?" என்று முகம் சுளித்து அவனுக்குப் பெண் தர மறுத்தவர்களிடம் மறுபடியும் ஆள் அனுப்பலாம் என்று அத்தை அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் அவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"மச்சான், கம்ப்யூட்டர்ல என்னென்னமோ விளம்பரமா வருதுங்க. மெயிலு வர்ற நேரம், அது இதுல மட்டுந்தாங்க வரும். வைரஸ் கிய்ரஸ்னு ஏதாச்சும் புகுந்துட்டா வம்பாயிடுங்க. நீங்க ஒருக்கா பாக்கறீங்களா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் மாமனார் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை காப்பி டம்ளரோடு நின்றார். "பாத்துட்டாப் போச்சு" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பந்தாவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஒரு ஆன்ட்டிவைரஸை இறக்கிப் போட்டேன். உள்ளே வரும் மெயிலையெல்லாம் சோதிக்கட்டுமா என்று அது கேட்டது. தாராளமாகச் சோதி என்றேன். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு ஃபயர்வால் இருந்தது. புதிதாக வந்திருக்கும் இந்த ஆசாமியை இணையத்துக்குள் விடலாமா, தடுக்கலாமா என்று அது கேட்டது. எது எதற்கு என்று யாருக்குத் தெரியும்? தடுப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்து வந்த கேள்விக்கெல்லாம் தடு, தடு என்று அழுத்தினேன். ஒரே வாசலில் இரண்டு காவல்காரரை நிறுத்தி, ஒருத்தனை ஒருத்தன் நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்த கதைதான் அது. சோதிக்காமல் மெயிலை உள்ளே விடமாட்டேன் என்று ஆன்ட்டிவைரஸ் நின்றது. உன்னைச் சோதிக்கவே விடமாட்டேன் என்று ஃபயர்வால் நின்றது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம்.

அன்றைக்கு நான் செய்த பரிசோதனை ஒன்றே ஒன்று. அவனுடைய கம்ப்யூட்டரிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். உடனே டிங் என்று வந்தது. "அடேங்கப்பா!" என்றார் மாமனார். திருப்பி ஒன்று அனுப்பி, அது உள்ளே வருகிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. போவது போனால் வருவதும் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டோம்.

ஜனவரி கடைசியில் அவன் போன் செய்தான். மாதக் கடைசி, சம்பளம் போடும் நெருக்கடி, நான் எரிச்சலில் இருந்தேன்.

"மச்சான், மெயிலு ஒண்ணும் வரமாட்டேங்குதுங்க. அவங்க அனுப்பிட்டேன்னு சொல்றாங்க."

"ஆர்டர் குடுக்க மனசில்லாதவன் அப்படித்தான் சொல்லுவான். சிஸ்டம் பக்காவா இருக்கு. நான்தானே போட்டேன்?"

"ஆமாங்க மச்சான். நீங்க போட்டதுதானுங்களே" என்றான். அப்புறம் அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டதாக்கும், பாவம், அனுபவமில்லாத பையன் என்று நினைத்துக்கொண்டேன். மனைவியிடம்கூட அப்படித்தான் சொன்னேன். என்ன ஒரு திமிர்!

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் வீட்டுக்குப் போய் இறங்கினோம். சீசன் உச்சத்தில் கொட்டகையில் காது கிழியும், தட்டும் சத்தமும் பேச்சும் சிரிப்புமாக. அன்று மூலையில் இரண்டு பெண்கள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அதனால் ஆள் வரவில்லை என்று நானே எனக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சமையலறைக்குள் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த மனைவி முகம் சிவந்து வெளியே வந்தாள். என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, நீங்க கை வெச்ச அன்னையில இருந்து ஒரு மெயிலுகூட உள்ள வரலையாம். தருமபுரியில கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கறவரு, அவருதான் மெயில் போட்டுக் குடுத்தவரு, அவரைக் கூட்டிட்டு வர்றேன்னு தம்பி அப்பவே கெளம்புனானாம். அப்பா வுடலையாம். 'மாப்ள கை வெச்சதை வெளியாளு வந்து பிரிச்சுப் பாத்தா அவருக்கு என்னடா மரியாத? அவரே வரட்டும்'னுட்டாராம்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னானே. நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை சொன்னது தப்பு என்று பெண் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குழம்பில் உப்பு குறைவு என்று நான் சொன்னால், சரியாக இருக்கிற குழம்பிலும் இன்னொரு சிட்டிகை விழும். அந்தச் சுகத்தை இத்தனை வருஷம் நானும்தான் அனுபவித்தேன். ஒரு தரம்கூட, வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதில்லை.

போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கைப்பேசியில் தேடித் தேடிப் படித்து, எந்தத் தடுப்பை எடுக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் ஃபயர்வாலில் அந்த ஒரு தடையை நீக்கினேன். அதற்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி மெயில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. மைத்துனன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

துபாய்க்காரருடைய ஆர்டர் பொங்கல் கழிந்த அதே வாரத்தில் வந்திருக்கிறது. அப்புறம் ஒரு நினைவூட்டல். இன்னொன்று, கொஞ்சம் கோபமாக. அதற்கும் பிறகு, பதில் இல்லாததால் வேறு இடத்தில் ஏற்பாடு செய்துகொண்டோம் என்று ஒன்று. மைத்துனன் இங்கிலீஷை எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்துப் படித்தான். எனக்குத் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"இப்ப பதில் போட்டா எடுத்துக்குவாங்களா மச்சான்?"

போட்டோம். கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதி, மன்னிப்புக் கேட்டு, நான்தான் தட்டச்சு செய்தேன். யாருடைய கோளாறு என்று எழுதவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு போலிருக்கிறது, நாங்கள் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து நகர்வதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. இப்போது எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது. வேறு ஆளிடம் வருஷ ஒப்பந்தம் போட்டுவிட்டோம், வருந்துகிறோம் என்று இரண்டே வரி. அவன் அதையும் உதட்டை அசைத்துப் படித்து முடித்தான்.

மாமனார் உள்ளே வந்தார். கூடவே பக்கத்து வீட்டுக்காரர்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா. மெயிலெல்லாம் நல்லா வருது" என்றான் மைத்துனன். ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பாத்தீங்களா" என்று மாமனார் பக்கத்து வீட்டுக்காரரிடம் திரும்பினார். "மாப்ள வந்து உக்காந்தாப் போதும்னு சொன்னேன்ல?"

இனியும் சும்மா இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"இல்லைங்க மாமா. பொங்கலுக்கு நான் போட்டதாலதான் மெயில் நின்னுச்சு. ஆர்டர் போனது என்னாலதான். எனக்கு இந்த வேலை தெரியாதுங்க. நான் சம்பளக் கணக்கு பாக்கற ஆளு."

பக்கத்து வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மாமனார் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவர் காலில்கூட விழுந்திருப்பேன்.

"என்ன மாப்ள இப்படியெல்லாம் பேசறீங்க. நம்ம நேரம் சரியில்ல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றவர், மகன் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "என்னடா நின்னுக்கிட்டே இருக்கற? மாப்ள வந்து எவ்ளோ நேரமாச்சு. போயி நல்ல நாட்டுக்கோழியாப் பாத்து வாங்கியா."

அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்தான். வாசல் வரைக்கும் போனவன் நின்று, என்னைப் பார்த்து, எப்போதும் கேட்கிற அதே மரியாதையோடு கேட்டான்.

"எளசா பாக்கட்டுங்களா மச்சான், இல்ல நல்லா முத்துனதா வேணுங்களா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நானும் வருகிறேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எளசாவே பாரு" என்றேன்.