ஆரம்பத் தமிழ் வகுப்பில் மல்லிகா

அறுபதுகளின் கடைசியில் அந்தமானில், போர்ட் பிளேர் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக இருந்தேன். புதிய மாணவர்களை ஆரம்பத் தமிழ், உயர்தமிழ் என்று பிரிப்பது என் பொறுப்பு. ஊருக்குள்ளேயே லம்பா லைன் பகுதியிலிருந்து வந்த மல்லிகாவிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"ஃபீனிக்ஸ் பே ஜெட்டில காம் பண்றாரு சார்."

படகுத்துறையில் வேலை என்பதற்கு 'காம்' என்று இந்தி கலந்து சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. எழுதச் சொல்லிக்கூடப் பார்க்காமல் அவளை ஆரம்பத் தமிழில் போட்டேன்.

மூன்று மாதம் அ, ஆ எழுதினாள். இரு பிரிவுக்கும் பொதுவான பரீட்சையில் அவள் எழுதிய கட்டுரையைப் படித்தபோதுதான் திகைத்தேன். அப்படியொரு தமிழ் எனக்கே வராது.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க சிரிச்சீங்க சார். அப்புறம் பேசத் தோணல."

மறுநாளே வகுப்பை மாற்றினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. படிப்பு முடியும்வரை அவள் அருமையாக எழுதினாள். என் முன்னால் மட்டும் ஒருநாளும் பேசவில்லை.