தேருக்கு இழைத்த கட்டை

வருஷத்தில் ஒரு நாள்தான் கண்ணுச்சாமி பெரிய மனுஷன். மற்ற நாளெல்லாம் ராஜபாளையத்துப் பஞ்சு குடோனில் பொதி தூக்குகிற ஆள். ஊர்ப் பெருமாள் தேர் கிளம்புகிற அன்றைக்கு மட்டும் தலையில் உருமால் ஏறிவிடும். தேருக்குக் கட்டை போடுகிறவர் அவர்தான். உருண்டு வருகிற சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு மாதிரிச் சரிவான கட்டையைச் சொருகித் தேரைத் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் அவருக்கு. மறுபக்கம் அவர் மைத்துனன் கருத்தப்பாண்டிக்கு. கட்டை பிடித்தால் சாமி நிற்கும். பிடிக்காவிட்டால் காலைத் தேட வேண்டியதுதான்.

ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில்தான். பேரைச் சொன்னால் அங்கே பெண் எடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பழைய புளியங்கட்டைகள் நைந்து விறகாகிவிட்டன என்று, போன ஆடியில் கோயில் கமிட்டி கண்ணுச்சாமியையே மரம் பார்த்து எடுத்துவரச் சொன்னது. மைத்துனனைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்து மர டிப்போவுக்குப் போனார். மரம் காட்டுகிற லிங்கேஸ்வரன், ரம்பத்தில் அறுத்ததோடு இழைக்காமல் செதில் செதிலாகக் கிடந்த குவியலைத் தாண்டி, மிஷினில் நாலு பக்கமும் இழைத்து அடுக்கியிருந்த வேங்கைச் சட்டங்களிடம் கொண்டுபோய் நிறுத்தினான்.

"தடவிப் பாருங்க அண்ணாச்சி. கொமரிப் பிள்ள கன்னம் கணக்கா இருக்கும்."

"பொண்டாட்டி கன்னத்தத் தடவியே வருசக்கணக்காச்சு. நீ மரத்தத் தடவச் சொல்லுத."

கருத்தப்பாண்டிக்கு மனசு ஒப்பவில்லை. "முரட்டு மரத்தையே எடுப்போம் மச்சான். நம்ம என்ன கட்டிலா செய்யப் போறோம்?"

"ஏலே, தேரு முடிஞ்சா ஒங்க அக்கா ஊக்க வச்சு எங் கையில குத்துன மரச்செராய நோண்டி எடுக்கா. ஒனக்கென்ன, எருமத் தோலு."

ஏமாந்த ஆளில்லை கண்ணுச்சாமி. கணு விழுந்த பொத்தலில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி மிஷினில் விட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். கணுக்களையெல்லாம் நகத்தால் சுரண்டினார். முனையில் வெடிப்புத் தேடினார். ஒற்றைக் கண்ணை மூடி ஓரம் நெளிந்திருக்கிறதா என்று பார்த்தார். தட்டிக் காதைக் கொடுத்தார். வைரம் பாய்ந்த மரம், வெண்கலம் மாதிரிக் கேட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது டீ வந்தது. குடித்துக்கொண்டிருந்த கிளாஸை, சாய்த்து வைத்திருந்த ஒரு சட்டத்தின் மேல் வைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார். கிளாஸ் செத்த நேரம் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது, வேகம் பிடித்தது, தரையில் விழுந்து சிதறியது.

"டீ சிந்துனா நல்ல சகுனம் அண்ணாச்சி" என்றான் லிங்கேஸ்வரன்.

"யாரும் தொடல மச்சான். அதுவா நகண்டுச்சு" என்றான் கருத்தப்பாண்டி.

"மூதேவி வாய மூடுலே."

சட்டங்களை ஆப்பாக அறுக்கச் சொல்லி, சரிவான பக்கத்தையும் மிஷினில் விட்டு மினுக்கிக் கட்டைகளை வாங்கி வந்தார். பார்க்காத ஆளில்லை. "கட்டில்காலு கடைசலெல்லாம் இதுகிட்டக் கெட்டுது" என்று ஊரே மெச்சியது. அவர் பெண்டாட்டி சுந்தரம்மாள் மட்டும் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "என்னங்க, மீனு கணக்கா இருக்கு? கையில நிக்க மாட்டேங்கு."

தேரன்றைக்குக் கீழத் தெரு முழுக்கத் தேங்காய் உடைத்திருந்தார்கள். புதுசாகப் போட்ட சிமெண்ட் ரோட்டில் தேங்காய்த் தண்ணீர் மினுங்கியது. முக்குத் திருப்பத்தில் கண்ணுச்சாமி முதல் கட்டையைச் சொருகினார். பழைய கட்டையாக இருந்தால் ரோட்டைக் கவ்வி 'நறநற' என்று கடிக்கும். இது சத்தமே போடவில்லை. சக்கரம் அதன் மேல் ஏறாமல், அதையே தள்ளிக்கொண்டு போனது. மறுபக்கம் கருத்தப்பாண்டியின் கட்டை பிதுங்கித் தெறித்து அவன் கணுக்காலைச் சீவிவிட்டுப் போனது. தேர் தன் பாரத்தில் எப்படியோ திரும்பி நின்றது. அடியில் குனிந்தபடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது தெற்குத் தெரு. ஊருணி வரைக்கும் சரிவு. ரெண்டு பக்கமும் பிள்ளைகுட்டிகளோடு சனம். கருத்தப்பாண்டி துண்டால் காலைக் கட்டிக்கொண்டு மறுபடி கட்டையைத் தூக்கினான். கண்ணுச்சாமிக்கு டிப்போவில் நகர்ந்த கிளாஸ் ஞாபகம் வந்தது. உருமாலைக் கழற்றிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டுவிட்டு, கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"விசில் ஊதாதீங்க! தேரு நிக்கட்டும்!"

கமிட்டித் தலைவர் வேலுசாமி ஓடிவந்தார். "என்னலே கூத்து இது? நல்ல நேரம் போகுது."

"கட்டை வழுக்குது அண்ணாச்சி."

"யாரு பாத்து எடுத்த கட்டை?"

"நாந்தான்."

சனம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. வடத்தைப் பிடித்திருந்த பரிபூரணம் சத்தம் போட்டாள்: "தேர மறிச்சவன் குடும்பம் வெளங்குமாய்யா? ஊருக்கே ஆகாதே!"

ஆசாரி வீட்டிலிருந்து வாச்சி வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்து தன் அழகுக் கட்டைகளைக் கொத்திச் சொரசொரப்பாக்கினார் கண்ணுச்சாமி. ரோட்டில் மணலைக் கொட்டினார்கள். நல்ல நேரம் தப்பி, பொழுது சாயத்தான் தேர் நிலைக்கு வந்தது. தெற்குத் தெருவில் ஒருத்தருக்கும் ஒரு கீறலில்லை.

அதுதான் வினையாகப் போனது. ஒன்றும் நடக்காததால், ஒன்றும் நடந்திருக்காது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆவணியில் வேலுசாமியின் கறவை மாடு செத்தது. ஐப்பசியில் மழை ஏமாற்றியது. கிருஷ்ணன்கோவில் ஊர்ப் பக்கம் பேசி வைத்திருந்த ஒரு சம்பந்தம் முறிந்தது. எல்லாம் தேரை மறித்தவன் கணக்கில் ஏறியது. எதிரே அவர் வந்தால் பைக்கைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

இந்த வருஷம் கட்டை போட வேறு ஆள். கொத்தின கட்டை அசிங்கமாக இருக்கிறதாம். போட்டோவில் நன்றாக விழவில்லையாம். கமிட்டியே டிப்போவுக்குப் போய், அதே மாதிரி இழைத்த கட்டை வாங்கி வந்துவிட்டது. மறுபக்கச் சக்கரத்துக்குப் பழைய ஆளே இருக்கட்டும் என்று கருத்தப்பாண்டியைச் சொல்லியிருக்கிறார்கள்.

கொடியேறிய அன்று கருத்தப்பாண்டி அக்கா வீட்டுக்கு வந்தான்.

"வாக்குக் குடுத்துட்டேன் மச்சான். இல்லன்னா ஊருல என்னையும் சேத்துல்லா வைவாங்க."

கண்ணுச்சாமி கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். போன வருஷம் கொத்தாமல் விட்ட கட்டை ஒன்று அடியில் கிடந்தது. அதை இழுத்து அவன் முன்னால் வைத்தார். அவன் குடித்து வைத்திருந்த கிளாஸை எடுத்து, சரிவின் உச்சியில் நிறுத்தினார்.

செத்த நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது.

கருத்தப்பாண்டி சட்டென்று காலை இழுத்துக்கொண்டான். கிளாஸ் சிதறியது. சில்லைக் கூட்ட வாரியலை எடுத்துக்கொண்டு வந்த சுந்தரம்மாள் அப்படியே நின்றாள். நல்ல சகுனம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.