முப்பத்தேழாவது கையெழுத்து

தஞ்சாவூரில் அந்தப் பேச்சுப் பயிற்சி முகாம் நடக்கும் நாளெல்லாம் மைக்கைப் பிடித்தவர்களுக்குத்தான் கைதட்டல். பெண்கள் விடுதி வார்டன் பொன்னுத்தாய்க்கு யார் கைதட்டப் போகிறார்கள்? பத்தொன்பது கோடையாக அவள் கண்டதெல்லாம் பாயும் வாளியும்தான். முப்பத்தேழு பிள்ளைகளுக்கு நாலே குளியலறை, வெயில் ஏறினால் தண்ணீர் இழுக்காத மோட்டார், பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் எந்த ஊரில் நிற்கிறது என்று ஓயாமல் போன் செய்யும் பெற்றோர். இந்த வருஷம் அவளுக்கு நிஜமாகவே அலுத்துவிட்டது.

ஒரே ஒரு நாள்தான் லீவு கேட்டிருந்தாள். மயிலாடுதுறையில் மகள் எழில்மொழிக்கு முகாம் முடிந்த மறுநாள் காலை வளைகாப்பு. அவர்கள் வீட்டு வழக்கப்படி பெற்ற தாய்தான் முதல் வளையலைப் போட வேண்டும். முகாமின் கடைசி நாளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒப்படைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். வளையல் டப்பாவைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாள்.

மூன்று மணிக்குள் முப்பத்தாறு பேர் போய்விட்டார்கள். கையெழுத்து நோட்டில் ஒரு கட்டம் மட்டும் காலி. நாகப்பட்டினத்து ஜீவிதா, ப்ளஸ் டூ முடித்தவள், முதல் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா உத்திராபதியின் போன் அடிக்கவே இல்லை.

"நேத்தோட தடைக்காலம் முடிஞ்சிச்சுங்க மேடம். அப்பா போட்ல போயிருக்கும். திரும்ப நாலு நாளாகும்" என்றாள் ஜீவிதா.

பொன்னுத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. கடலுக்குப் போகக் கூடாத அந்த இரண்டு மாதத்தில், வேலையில்லாமல் இருந்த மனுஷன், தானே வந்து அழைத்துப்போவதாகப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு வெயிலால் முகாம் ஒரு வாரம் தள்ளிப்போனது. போனில் சொன்னபோது சரிங்க என்றார். நெல் விளைகிற ஊர்க்காரிக்கு மேட்டூர் திறக்கிற தேதி தெரியும், கடல் திறக்கிற தேதி தெரியாது. அவருக்கோ வலை ஏற்றுகிற அவசரத்தில் வேறெந்தத் தேதியும் நினைவில்லை.

ஜீவிதாவின் அம்மாவைக் கூப்பிட்டாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரை விட்டு வர முடியாது, நாளை மதியம் நாத்தனார் வந்ததும் கிளம்புகிறேன் என்று அந்த அம்மாள் அழாத குறையாகச் சொன்னாள்.

தாயோ தகப்பனோ வந்து கையெழுத்துப் போடாமல் பிள்ளையை வெளியே விடக் கூடாது. வார்டனோடு கூட அனுப்பக் கூடாது. ஒரு வருஷம் மாமா என்று சொல்லிக்கொண்டு எவனோ வந்து நின்றதைப் பார்த்துப் பதறி, அந்த விதியை எழுத வைத்ததே பொன்னுத்தாய்தான். இன்று ஜீவிதாவைக் கூடவே அழைத்துப்போகலாமா என்று அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, நீங்கள் போட்ட விதிதானே என்று சொல்லிவிட்டார்கள். இரவு அவளுக்குத் துணையாகத் தங்க விடுதியில் வேறு பெண்ணும் இல்லை.

தான் தனியாகவே போய்விடுவதாக ஜீவிதா வாதாடினாள். பத்து நாள் பயிற்சி வீண்போகவில்லை. ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. பொன்னுத்தாய் முழுவதும் கேட்டுவிட்டு, பேசாமல் உட்கார் என்றாள். நாலு மணி பஸ் போய்விட்டது.

மகளைக் கூப்பிட்டு, கடல், தடைக்காலம் என்று எங்கிருந்தோ தொடங்கினாள். எழில்மொழி முடிக்க விடவில்லை.

"தெரியும்மா. ஏதாச்சும் ஒரு பிள்ளை நின்னுடும்னு தெரியும். முதல் வளையல் போட சித்திகிட்ட போன வாரமே சொல்லிட்டேன். நீ சாப்பிட்டியா?"

கோபித்துக்கொண்டிருந்தால் கூடத் தேவலை. சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிப் போனை வைத்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு பேருக்கு அரிசி களைந்தாள்.