என் வாயில் அவர்களுடைய ‘நான்’

மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நான் தேவைப்பட்டேன். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள் நான். படிப்பு முடிந்ததும் கினிகத்தேனையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். முதலாளி சிங்களவர், வாங்க வருகிறவர்களில் பாதிப்பேரும் அப்படித்தான். அந்தக் கடையில்தான் சிங்களம் என் வாயில் ஏறியது. கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்த பிறகு அதுவே எனக்குப் பிழைப்பாயிற்று. ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. கூட்டங்கள், கடிதங்கள், சில நேரம் ஆஸ்பத்திரிக்குத் துணை. அந்த மழை வரும்வரை அது லேசான வேலைதான்.

வீடிழந்தவர்களை ஒரு பாடசாலையில் தங்கவைத்திருந்தார்கள். பார்க்க வந்த வைத்தியர்களிலும் அதிகாரிகளிலும் பலருக்குத் தமிழ் தெரியாது. தங்கியிருந்தவர்களின் சிங்களமோ கடைத்தெருவோடு சரி. நடுவில் நான் ஓடினேன். ஒருவருக்கு மருந்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் கையைப் பிடித்து இழுப்பார். பொழுது சாயும்போது தொண்டை கட்டிப்போகும்.

அப்போதுதான் கண்டியிலிருந்து ஓர் உளவள ஆலோசகர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சிங்களப் பெண்மணி. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டோம். என்னை அவர் ‘நங்கி’ என்பார். தங்கச்சி என்று அர்த்தம். முதல் நாளே சிங்களத்தில் ஒரு விதி சொன்னார்.

“அவங்க சொல்றாங்கன்னு ஆரம்பிக்காதே நங்கி. அவங்க ‘நான்’னு சொன்னா நீயும் ‘நான்’னே சொல்லு. அப்பத்தான் அவங்க என்னோட நேரா பேசுற மாதிரி இருக்கும்.”

சிங்களத்தில் ‘நான்’ என்பதற்கு ‘மம’ என்பார்கள். அன்றிலிருந்து, வீட்டை மண் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் எல்லோருடைய ‘நானும்’ என் வாயில் ‘மம’ ஆயிற்று.

மிஸ்ஸின் வைத்தியம் எனக்குப் புதிது. நடந்ததைச் சொல்லு சொல்லு என்று அவர் யாரையும் நெருக்கவில்லை. முதலில் காலைத் தரையில் பதித்து உட்காரச் சொல்வார். தரை குளிர்ச்சியா, பாதத்தில் எந்த இடம் படுகிறது, காதில் என்ன விழுகிறது என்று கேட்பார். மூச்சு போவதையும் வருவதையும் சும்மா கவனிக்கச் சொல்வார். மனசு மண்சரிவுக்கு ஓடினால் அதட்டாமல் மெதுவாகக் கூட்டிவர வேண்டும். இதற்கு அவர் சொன்ன சிங்களச் சொல்லை நான் பெரிய ஆள் மாதிரி ‘விழிப்புணர்வு’ என்று மொழிபெயர்த்தேன்.

முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா உடனே கேட்டார். “டெங்குக்கா மிஸ்? போன மாசந்தானே வந்து சொன்னாங்க, தண்ணி தேங்க விடாதீங்கன்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வகுப்பறையில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். பிறகு நான் சொல்லை மாற்றினேன். “நெனப்ப இப்ப, இங்கயே வச்சிக்கிறதுங்க” என்றேன். அது அவர்களுக்குப் பிடிபட்டது.

அங்கே ஓர் அக்கா இருந்தார். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். மண் சரிந்த அன்று கணவரை இழந்தவர். வாரம் தவறாமல் மிஸ்ஸைப் பார்க்க வருவார். ஆனால் நடந்ததை ஒரு செய்தி வாசிக்கிற குரலில்தான் சொல்வார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. “அவரு சட்டைய புடிச்சேன். சட்டைதான் கையில வந்துச்சு, அவரு வரல” என்பார். நான் அதைச் சிங்களத்தில் சொல்வேன்: நான் அவருடைய சட்டையைப் பிடித்தேன், சட்டைதான் கையில் வந்தது. அவர் அதை மறுபடி மறுபடி சொன்னார். நானும் மறுபடி மறுபடி சொன்னேன். அவர் குரல் நடுங்கவில்லை. என் குரல்தான் நடுங்கியது.

வீட்டில் என் பேச்சு குறைந்துபோயிற்று. என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஊர்க்கதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பசியும் இல்லை, கோபமும் இல்லை. சொல் என்று ஒன்று வாயில் வந்தாலே சலிப்பாக இருந்தது.

ஒரு நாள் காலை அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன புள்ள, சட்டைய விடு. ஹயருக்கு நேரமாச்சு.”

குனிந்து பார்த்தேன். அவருடைய சட்டையின் பின்பக்கத்தைக் கை நிறையச் சுருட்டிப் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்றே தெரியவில்லை. விரல்கள் சுலபத்தில் பிரியவும் இல்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“கொஞ்ச நாளாவே இப்புடித்தான் புடிக்கிற. நானும் வெளையாட்டுன்னு நெனச்சேன்” என்றார். அன்று அவர் எந்த ஹயருக்கும் ஆட்டோவை எடுக்கவில்லை.

ஆனால் நான் வேலைக்குப் போனேன். என்னை விட்டால் யார் என்ற நினைப்பு. அன்று அக்காவின் முறை. அவர் வழக்கம்போல் அதே குரலில் சொல்லிவந்தார். சட்டை என்ற இடம் வந்தது. நான் ‘மம’ என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மிஸ் எழுந்தார். அவர் வருவதற்கு முன்னால் அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

“தங்கச்சி, இங்க பாரு. இது ஒனக்கு நடக்கல. எனக்கு நடந்துச்சு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“எனக்கு நடந்துச்சு தங்கச்சி. என் வீட்டுக்காரருதான் போயிட்டாரு.”

சொன்னது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போலிருந்தது. உதடு கோணிற்று. பிறகு அந்த அறை முழுக்க அவர் அழுகைதான். நானும் அழுதேன். மிஸ் எங்களுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்து, ஆளுக்கொரு தோளில் கைவைத்துக்கொண்டார். அன்று யாரும் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

அக்கா போன பிறகு மிஸ் என்னிடம் சொன்னார். “தப்பு என்னுடையது நங்கி. நடுவில் நீ இல்லாத மாதிரி இருக்கணும்னு சொன்னேன். நீயும் ஒரு ஆளுதாங்கிறத நானே மறந்துட்டேன்.” எனக்குக் கொஞ்ச காலம் ஓய்வு வேண்டும், தமிழிலேயே பேசக்கூடிய ஓர் ஆலோசகர் வேண்டும் என்றார். நுவரெலியாவில் ஒருவரை அவரே பேசி ஏற்பாடு செய்தார்.

அந்த ஆலோசகர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். முதல் நாள் நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

“அவசரமில்லை. ஆறுதலாக் கதையுங்கோ.”

எங்கள் பேச்சில் ஆறுதல் என்றால் துக்க வீட்டில் சொல்வது. அவர்கள் பக்கம் ‘மெதுவாகப் பேசுங்கள்’ என்பதற்கு அப்படிச் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அன்று இரண்டு அர்த்தமும் சேர்ந்தே கேட்டது.

அவரும் பாதத்திலிருந்துதான் தொடங்கினார். மற்றவர்களுக்கு நான் நூறு முறை சொல்லிக்கொடுத்ததை என் உடம்புக்கு நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. கண்ணை மூடினால் மார்பில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. அதைத் தள்ளவேண்டாம், எவ்வளவு பெரிது, சூடா குளிரா என்று பக்கத்தில் இருந்து பாருங்கோ என்றார். பார்த்தேன். அது கரையவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இடம் இருந்தது, மூச்சு போய்வர இடம்.

இன்னொன்றும் பழக்கினார். இனி மொழிபெயர்க்கப் போனால், முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, என் சொந்த ‘நானை’ வைத்துச் சில வாக்கியங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் இன்னைக்கு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். நான் ஹட்டன்ல இருக்கேன். என் வீட்டுக்காரர் உசுரோட இருக்காரு. முதலில் கூச்சமாக இருந்தது. சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்தபோது கணவர் எட்டிப்பார்த்து, “யாருகிட்ட பேசுற?” என்றார். “என்கிட்டதாங்க” என்றேன். அவர் நின்று கேட்டுவிட்டு, “நான் இன்னைக்கு மூணு ரொட்டி சாப்பிட்டேன்” என்று தன் பங்குக்குச் சொன்னார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

ஒரு நாள் ஆலோசகர் கேட்டார். “மற்ற ஆக்களுக்காகக் கதைக்கிறதை விட்டால், உங்களுக்கெண்டு என்ன விருப்பம்?”

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். திரும்பும் வழியில் பஸ் தலவாக்கலை தாண்டி வந்துகொண்டிருந்தது. மலை முழுக்கத் தேயிலை, நனைந்து பளபளவென்று. மாதக்கணக்கில் நான் வெளியே பார்க்காமலே போய்வந்திருந்தேன் என்று அப்போது உறைத்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஒருவர் சொன்னது அடுத்தவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், சொன்னவர் முகத்தில் ஒரு தெளிச்சல் வரும். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. அந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. என்னை அதற்குள் தொலைத்ததுதான் பிடிக்கவில்லை.

ஓய்வு முடிந்ததும் இதை அப்படியே மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். விதிகளைச் சேர்ந்தே மாற்றினோம். கனமான கதைகள் வரும் நாளில் இன்னொரு மொழிபெயர்ப்பாளரும் இருப்பார், மாறிமாறிச் செய்வோம். எனக்கு முடியவில்லை என்றால் கையைத் தூக்குவேன், எல்லோரும் நிறுத்த வேண்டும். நாள் முடிவில் மிஸ்ஸும் நாங்களும் சற்று நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் கலைவோம்.

பாடசாலை முகாமை மூடிய பிறகு அங்கிருந்த பெண்களில் பலர் சொந்தக்காரர் லயங்களுக்குப் போனார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கூடுகிறோம். வார நாளில் கைக்குழந்தைகள் தூங்கும் இடம் அது. பாதத்தையும் மூச்சையும் இப்போது நானே தமிழில் நடத்துகிறேன். மிஸ் ஓரமாக உட்கார்ந்து எங்களோடு செய்வார். அவரும் தமிழ் கற்கிறார். ஒருமுறை “மூச்சு மெதுவா போடுங்க” என்று முயன்று பார்த்தார். “மூச்சு விடணும் மிஸ், போடுறது தேத்தண்ணி” என்று யாரோ திருத்தினார்கள்.

அக்காவும் வருகிறார். மறுபடி கொழுந்து எடுக்கப் போகிறார். மழை கனத்தால் இன்னும் அவருக்குக் கை சில்லிட்டுப்போகும். அதை மறைப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்டிவிடுவார். போன ஞாயிறு, யாரும் கேட்காமலே, கணவரைப் பற்றிப் பேச்சை எடுத்தார். கல்யாணம் ஆன புதிதில் அவர் சோறாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பி, உப்புக்குப் பதில் சீனியைப் போட்டாராம். தப்பை ஒத்துக்கொள்ளாமல் முழுச் சட்டியையும் தானே தின்று முடித்தாராம்.

“நல்லாத்தான் இருக்கு, ஒனக்குத்தான் ருசி தெரியலன்னாரு. கண்ணுல தண்ணி முட்டுது மனுசனுக்கு!”

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான். மிஸ் என் முழங்கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்க மிஸ்” என்றேன். “அக்கா சொல்லி முடிக்கட்டும்.”

மிஸ் தலையாட்டிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.