கண்ணபிரான் சாமிக்கு முதல் கொடை

ஓடைப்பட்டி கண்ணபிரானைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அது அவனைக் குறைத்து மதிப்பிடுவதாகும். பயந்தாங்கொள்ளிகள் பயப்படுவதற்கு எதிரே ஏதாவது ஒன்று வேண்டும். கண்ணபிரானுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. நாய்க்குப் பயந்தான், இடிக்குப் பயந்தான், கோவில்பட்டியில் ரோட்டைக் கடக்கப் பயந்தான். பெண்டாட்டி முத்துத்தாய் பேசாமல் இருந்தால் பயந்தான், பேசினால் கூடுதலாகப் பயந்தான்.

இப்பேர்ப்பட்ட ஆள் செம்மறி மேய்த்துப் பிழைத்தான். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் புழுக்கை உரத்துக்காக ஆட்டுக்கிடை போடச் சொல்லி வெள்ளாமைச் சம்சாரிகள் கூப்பிடுவார்கள். மந்தையை ஓட்டிக்கொண்டு போவான். கிடையைச் சுற்றி நாய்கள் வந்தால் மற்ற ஆட்டுக்காரர்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார்கள். கண்ணபிரான் நின்ற இடத்தில் நின்று கத்துவான்.

சாதாரணக் கத்தல் அல்ல அது. அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் நாலாகக் கிழிந்து, பாதி மூக்கு வழியாக வெளியேறும். நாய்கள் ஓடிப்போகும். கயத்தாறு நாற்கரச் சாலையில் ஒரு லாரி டிரைவர் பிரேக் போட்டு இறங்கி, எவன் மேல் ஏற்றினோம் என்று டயருக்கு அடியில் தேடியதாகவும் பேச்சு உண்டு. வீரத்தின் சாயல் அதில் துளியும் கிடையாது. கலப்படமில்லாத பயம்.

இந்தச் சரக்கைத் தேடித்தான் சென்னையிலிருந்து 'ரத்தக்காட்டேரி' வந்தது. ரத்தக்காட்டேரி என்பது ஒரு ராக் இசைக்குழு. மேடையில் மண்டை ஓட்டில் தண்ணீர் குடிப்பார்கள். பாடகன் பெயர் சாத்தான் சரண். குழுவுக்கு மேனேஜர் வேல்ராஜ். ஓட்டப்பிடாரத்துக்காரன் என்பதால் கண்ணபிரானின் கத்தலைப் பற்றி ஊர்ப்பேச்சில் கேள்விப்பட்டிருந்தான். சித்திரை மாதம் ஒரு சாயங்காலம் வேனைக் கொண்டுவந்து கிடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, மைக்கை நீட்டினார்கள்.

"அண்ணா, பயப்படாமக் கத்துங்க" என்றான் சாத்தான்.

"பயப்படாம எப்படித் தம்பி கத்த?" என்று நியாயமாகவே கேட்டான் கண்ணபிரான்.

பதிலை வானம் சொன்னது. கோடை இடி ஒன்று பக்கத்துப் பனையில் இறங்கியது. கண்ணபிரான் வாழ்நாளில் கத்தாத கத்தலைக் கத்தினான். பிறகு இடி நேரத்தில் ஆட்டுக்காரர்கள் செய்வதைச் செய்தான். ஒதுங்க இடமில்லாத காட்டில் அவர்கள் இரும்புத் தொரட்டியைத் தூர வீசிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆடுகளுக்கு நடுவே குத்தவைப்பார்கள். கண்ணபிரான் ஒரு படி மேலே போய், குப்புற விழுந்து மூச்சையும் நிறுத்திக்கொள்வான்.

பனை எரிகிறது, ஆள் கிடக்கிறான், அசைவில்லை. மண்டை ஓட்டில் குடிக்கிறவர்கள் வேனில் ஏறிய வேகத்தில் டிரம்ஸ்காரனின் ஒற்றைச் செருப்பு கரிசலில் தங்கிவிட்டது. மதுரை தாண்டித்தான் அழுதார்கள். கண்ணபிரான் மெல்ல எழுந்து பார்த்தபோது வேன் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்களே, மனசு வருத்தமோ என்று நினைத்துக்கொண்டு, மந்தையைக் கயத்தாறு பக்கம் ஓட்டிப் போனான்.

'கடைசிக் கதறல்' என்ற பாட்டு வெளிவந்தது. ஒரு விமர்சகர், நூற்றாண்டு கால அடக்குமுறைக்கு எதிரான கோபம் அந்தக் குரலில் கொப்பளிப்பதாக எழுதினார். மாலை போட்ட கண்ணபிரானின் படம் லட்சக்கணக்கான செல்போன்களில் போய் உட்கார்ந்தது.

கருப்புச் சட்டையும் தாடியுமாக இளவட்டங்கள் ஓடைப்பட்டியில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். சபரிமலைக்கு மாலை போட்ட கோஷ்டி மாசமும் வழியும் தவறி வந்துவிட்டது என்று ஊரார் மோர் கொடுத்தார்கள். அவர்கள் கண்ணபிரானின் சமாதி எங்கே என்று கேட்டது, யாரிடம் கேட்கக்கூடாதோ அவனிடம். முத்துத்தாயின் தம்பி இசக்கிபாண்டியிடம். பிராய்லர் கோழி, பழைய பைக் என்று தொட்டதெல்லாம் நொடித்துப்போய் அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தவன் அவன். இடியோ பாம்போ அரிவாளோ, காலம் முடியுமுன் போனவர்களுக்குப் பீடம் போட்டுச் சாமியாக்கி, வருசா வருசம் கொடை என்று திருவிழா எடுப்பதுதான் இந்தப் பக்கத்து முறை. இசக்கிபாண்டி யோசிக்காமல் கருகிய பனையைக் காட்டினான். வாரம் முடிவதற்குள் அங்கே சிமெண்டுப் பீடம் எழுந்தது. வருகிறவர்கள் அதன் முன்னால் டிரம்ஸ் குச்சிகளை நட்டார்கள், கிதார் கம்பிகளை மாலையாகப் போட்டார்கள். ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கொம்பு மாதிரி நீட்டிக் கத்தினார்கள். ஆட்டுக்காரச் சாமிக்குக் கிடாய்க் கொம்பு காட்டுகிறார்கள் என்று ஊரும் அதே மாதிரிக் கும்பிடப் பழகியது.

கண்ணபிரான் ஊர் திரும்பிப் பீடத்தைப் பார்த்ததும் மச்சினனைத் தேடி ஓடினான்.

"ஏ மாப்ள, நான் உயிரோடதான்ல இருக்கேன்?"

"அத யாரு அத்தான் இல்லைன்னா? நீங்க பாட்டுக்கு இருங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"உயிரோட இருக்கவனுக்குப் பீடம் போடக்கூடாதுலே. பீடம் ஆளைக் கூப்பிடும்பாவ."

"கூப்பிட்டா போகாதீங்க."

கண்ணபிரான் வேல்ராஜுக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி... இருக்கீங்களா?" துக்கம் விசாரிக்கிற தொனியில் கேட்டான் வேல்ராஜ். "சந்தோசம். ஆனா யாருகிட்டயும் சொல்லிராதீங்க. நம்ம பயலுவ உங்க மூஞ்சியை நெஞ்சுல பச்சை குத்தியிருக்கானுவ. நீங்க பாட்டுக்கு வந்து நின்னா அவனுவளுக்கு ஆத்திரம் வருமா வராதா?"

"வரும்."

"அடிச்சே போட்டுருவானுவ. கேசும் நிக்காது பாத்துக்கிடுங்க. ஏற்கெனவே செத்தவரை எப்படிய்யா கொல்ல முடியும்னு வக்கீல் கேப்பான்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு வேடிக்கையா வேறெதுவுமா என்று கண்ணபிரான் நெடுநேரம் யோசித்தான். யோசித்த மட்டுக்கும் வேர்த்தது.

இதற்கிடையில் பீடம் வேலை செய்யத் தொடங்கியது. தெற்குத்தெரு சந்தனமாரியின் சினையாடு காணாமல் போனது. பீடத்தில் கற்பூரம் கொளுத்தினாள். சாயங்காலம் ஆடு தானாக வந்து நின்றது. பொதுவாக ஆடுகள் சாயங்காலம் தானாக வருபவைதான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அன்றிலிருந்து ஊருக்குள் கண்ணபிரான் ஒரு மாதிரி இடைஞ்சலாகிப்போனான். எதிரே வந்தால் ஒதுங்கினார்கள். ஒருநாள் சந்தனமாரியிடமே கேட்டுவிட்டான்.

"ஏட்டி, நாந்தானே அது? பக்கத்துல இருக்கேன், எங்கிட்ட கேட்டா ஆகாதா?"

"நல்லாருக்கே கதை! பீடத்துல இருக்கவிய எம்புட்டு ஆட்டைக் கண்டுபிடிச்சுக் குடுத்தாவ. நீரு என்னத்தைக் கண்டுபிடிச்சீரு?"

கண்ணபிரான் வீட்டுக்குப் போய்த் தன் ஆடுகளை எண்ணிப் பார்த்தான்.

ஆடி மாதம் முதல் கொடை வைத்தார்கள். மதியக் கொடை. ஒரு பக்கம் நையாண்டி மேளம், மறுபக்கம் ரத்தக்காட்டேரி. ஆடிக்காற்றில் புழுதியும் சாத்தான் சரணின் முடியும் ஒன்றாகப் பறந்தன. வராமல் இருந்தால் பீடம் கோபிக்குமோ என்ற பயத்தில் கண்ணபிரான் வந்திருந்தான். துண்டால் தலையை மூடி, கூட்டத்தோடு கலக்கக் கருப்புச் சட்டை மாட்டியிருந்தான். சட்டையில் அவன் மூஞ்சிதான் இருந்தது. அந்தச் சட்டைதான் கிடைத்தது.

மேளம் ஏறவும் இசக்கிபாண்டிக்கு அருள் வந்தது. ஆடியவன் சட்டென்று நின்றான். கழுத்தை இடதுகையால் சொறிந்தான். ரெண்டு தரம் வறட்டு இருமல் இருமினான். லேசாக முதுகைக் கூனி நடந்தான். கண்ணபிரான் துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். அது தன் நடை. தன் இருமல். இவ்வளவு சுத்தமாக இசக்கிபாண்டியால் நடிக்க முடியாது. அவனுக்கு எதுவுமே சுத்தமாகச் செய்ய வராது.

"என்னை ஏன்டா அரைகுறையா வச்சிருக்கிய?" என்று சாமி கேட்டது. குரலும் கண்ணபிரானுடையதே.

"அரைகுறைன்னா என்ன சாமி?" என்றார் ஊர்ப்பெரியவர் பூவனலிங்கம், கைகட்டி.

"பாதி இங்கன இருக்கேன். பாதி வெளிய அலையுதேன்."

மேளம் நின்றது. கிதாரும் நின்றது. வெளியூர்ப் பயல்களுக்குப் புரியவில்லை, ஊருக்குப் புரிந்தது. ஒவ்வொரு தலையாக மெதுவாகத் திரும்பி, துண்டு போர்த்திய தலையில் வந்து நிலைத்தது. சந்தனமாரி பார்த்தாள். பூவனலிங்கம் பார்த்தார். மேடையோரத்தில் நின்ற வேல்ராஜ், எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாரானான். அரிவாளோடு நின்ற கிடாவெட்டி, யாரும் சொல்லாமலே ஓரடி முன்னால் வந்தார். கண்ணபிரானுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் சாமி கத்தியதென்பார்கள். வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்போது முத்துத்தாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து முந்தானையை விரித்து நின்றாள்.

"சாமி, எம் புருசனை விட்டுரு! கூறு கெட்ட மனுசன். உனக்கு ஒரு தொந்தரவும் வராமப் பாத்துக்கிடுதேன். அவியளுக்கு ஆயுசைக் குடு!"

சாமி கழுத்தைச் சொறிந்தபடி அவளையே பார்த்தது.

"பாப்போம்" என்றது.

முத்துத்தாய் திரும்பி, கண்ணபிரானின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் தள்ளினாள். "மலைச்சுப்போய் நிக்கீங்களே, கால்ல விழுங்க! நேந்துக்கிடுங்க, வெரசா!"

கண்ணபிரான் மச்சினனின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"சாமி, இந்தக் கண்ணபிரானை ஒண்ணும் செஞ்சுராத. உனக்குக் கிடா வெட்டுதேன்."

"ஒண்ணா?"

"ரெண்டு."

சாமி விபூதியை அள்ளி அவன் நெற்றியில் அறைந்தது. கிடாவெட்டி பின்னால் நகர்ந்தார்.

"சரி. அடுத்த கொடை வரைக்கும் இருந்துக்கோ."

கண்ணபிரானுக்குக் கண்ணீர் பொங்கியது. இவ்வளவு கருணையைத் தன்னிடம் அவன் எதிர்பார்க்கவே இல்லை.