ரோஸ் ரிப்பனுக்கு ஒரு முடிச்சு

ஒன்பது வயதில் எனக்கு ஒரு ஜென்ம விரோதி இருந்தாள். ஒரகடத்து லைன் வீட்டு வாசலில், நிறைமாத வயிற்றோடு கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷனுக்குக் கார் பார்ட்ஸ் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒத்தாசைக்குப் பெற்றவளும் பக்கத்தில் இல்லை, மாமியாரும் இல்லை. அதனால் என் அம்மாவை அவளும் ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

என் அம்மா மருத்துவச்சி. எங்கள் இருளர் சனத்தில் அவளுடைய அத்தை பார்த்த வேலை அது. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்ததும் அம்மாவைக் கூப்பிட ஆளில்லை, செங்கல் சூளையில் கல் அறுக்கப் போனாள். பிறகு ஒரு பெண்கள் சங்கம் அவளைத் தேடி வந்தது. பயிற்சி கொடுத்தார்கள். சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் பேசி, பிரசவ அறையில் மருத்துவச்சியும் கூட நிற்கலாம் என்று சம்மதம் வாங்கினார்கள். அதற்கப்புறம் அம்மா ஒவ்வொரு லைன் வீடாக ஏறி இறங்கினாள். “இந்தக் காலத்துல மருத்துவச்சியா?” என்று மூஞ்சியைச் சுளித்தவர்கள்தான் அதிகம். முதலில் நம்பியது அந்தத் தூத்துக்குடி அக்கா ஒருத்திதான். இந்தப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் நாலு பேர் நம்புவார்கள், கோணலாகப் போனால் திரும்பவும் சூளைதான் என்று அம்மா தினமும் சொல்வாள். அதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை.

என் கண்ணில் பட்டது வேறு. அந்த அக்கா இடுப்புக்கு எண்ணெய் தேய்க்க அம்மாவுக்கு அரை மணி நேரம் இருக்கும், என் தலையைப் பின்ன நேரம் இருக்காது. கருவாட்டுக் குழம்பு தூக்குவாளியில் அங்கே போகும், எனக்குச் சட்டியில் ஒட்டியது மிஞ்சும். ஆண்டுவிழாவுக்கு ரோஸ் ரிப்பன் கேட்டேன். “மறக்கமாட்டேண்டி, இந்தா பாரு” என்று முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். எதையும் மறக்காமலிருக்க அவளுக்கு அதுதான் வழி. முடிச்சு அப்படியே இருந்தது, ரிப்பன்தான் வந்தபாடில்லை.

அதுகூடப் போகட்டும். நான் தூளியில் கிடந்த பச்சைப் புடவையை எடுத்து அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

“அது என்னுது!”

“நீதான் கழுத மாதிரி வளந்துட்டியே, ஒனக்கு இன்னாத்துக்குடி தூளி?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்கு வலி கண்டது. பிள்ளை பெறுகிற நேரத்தில் எதுவும் மூடிக் கிடக்கக் கூடாது, எதிலும் முடிச்சு இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்போதுதான் வயிறு சுளுவாகத் திறக்குமாம். அம்மா தன் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். மணிக்கட்டில் கட்டியிருந்த சாமிக் கயிற்றைக்கூட அறுத்து வைத்தாள். “ஒரு முடிச்சு உடாத, எல்லாத்தயும் அவுத்துடு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸில் அக்காவோடு ஏறிப் போனாள்.

அக்கா வீட்டுப் பெட்டியைத் திறந்தேன். அரிசிப் பை, கொடிக்கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்தேன். கடைசியில் அந்தப் பச்சைப் புடவை கையில் வந்தது. அதன் நுனியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிச்சுப் போட்டேன். நல்லா வேணும்! அவள் சாகட்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை, சத்தியமாக. கொஞ்சம் கஷ்டப்படட்டும் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் சுகாதார நிலையத்துக்கு நடந்து போனேன். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. அக்காவின் புருஷன் கம்பெனி யூனிபார்மோடு பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்சம்மா வெளியே வந்து, “இன்னும் ஒரு மணி நேரம் பாப்போம். இல்லன்னா செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்” என்றார். உள்ளேயிருந்து, “எம்மா, முடியலியே! என்னய விட்டுட்டுப் போயிராதீங்கம்மா!” என்று அக்கா அலறியது கேட்டது. அவள் ‘அம்மா’ என்று சொல்லி எனக்குப் பொறாமை வராதது அந்த ஒரு தடவைதான்.

லைன் வீட்டுக்கு ஓடினேன். முடிச்சு அவிழவில்லை. நகம் பிய்ந்தது. கடைசியில் அழுதுகொண்டே பல்லால் கடித்து அவிழ்த்தேன். திரும்ப ஓடி வந்து கேட்டைத் தாண்டும்போது குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை.

“ஒங்க அம்மா கைய அவ கடைசி வரைக்கும் விடவே இல்ல” என்று நர்சம்மா என்னிடம் சொன்னார். அம்மா வேர்த்து வழிய வெளியே வந்தாள். நான் ஓவென்று அழுது எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அறை விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். விழவில்லை. கையை எடுத்துப் பார்த்தபோது அவள் முந்தானை என் மூக்குக்கு நேராகத் தொங்கியது. நுனியில் ரிப்பன் முடிச்சு!

“நீயும் முடிச்சோடதான உள்ள போன? அப்ப ஒன்னாலதான் லேட்டு!”

அம்மா முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள். சிரித்தாள். கண் ஏனோ கலங்கியிருந்தது.

“அய்ய, மறந்துட்டேண்டி” என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே ரிப்பன் வாங்கித் தந்தாள். கடைக்காரர் அதை என் கையில் கொடுத்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்தாள். பழி அவள் மேல் போய்விட்ட சந்தோஷத்தில் நான் குதித்துக்கொண்டே நடந்தேன். கொண்டையை அவிழ்த்தவள், சாமிக் கயிற்றையே அறுத்து வைத்தவள், அந்த ஒரு முடிச்சை மட்டும் மறந்துவிட்டாள் என்று அன்றைக்கு நான் அப்படியே நம்பினேன்.