கடைசிப் பக்கத்தில் தி.நகர்

மாணிக்கவாசகம் அண்ணாச்சியின் பாத்திரக் கடை பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. கீழே இரண்டு தளம் கடை, அதற்கு மேலே வீடு. கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான் அண்ணாச்சியின் அப்பா. இடம் வீணாகக் கூடாதென்று வீட்டுக்குத் தனிப் படி வைக்காமல் விட்டுவிட்டார். வீட்டிலிருந்து இறங்கினால் குக்கரும் தோசைக்கல்லும் இருக்கும் தளம். இன்னும் இறங்கினால் குடம், அண்டா, சீர்வரிசைத் தட்டு. கடைசிப் படியில் கால் வைத்தால் நேர் எதிரே கல்லா. அதில் முன்பு சுந்தரவல்லியின் மாமனார் உட்கார்ந்திருந்தார், இப்போது புருஷன் உட்கார்ந்திருக்கிறார். "எங்க?" என்கிற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

சுந்தரவல்லி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவள் ஒரு நாளும் தெருவில் இறங்கியது கிடையாது. அண்ணாச்சி கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அவர்மேல் பாய்ந்துவிடுவார்கள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். கேட்பார், அவ்வளவுதான். கோயிலுக்கு என்றால் "சரி" என்பார். டாக்டரிடம் என்றால் அதற்கும் "சரி". டெய்லரிடம் என்றால், "ஆளை அனுப்புனா போதாதா?" என்பார். "சும்மாத்தான்" என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. சும்மா வெளியே போகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

அதனால் படித்தாள். கடையைக் கூட்டித் துடைக்கும் சுப்பம்மா மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ராஜகோபாலன் என்பவர் ஒரு லெண்டிங் லைப்ரரி நடத்துகிறார். வியாழன்தோறும் சுப்பம்மா மஞ்சள் பையில் இரண்டு புத்தகம் கொண்டுவருவாள், படித்த இரண்டைத் திருப்பி எடுத்துப் போவாள். குக்கர் மூன்று விசில் அடிக்கும் நேரம், கீரை ஆய்கிற நேரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணாச்சி மேலே ஏறி வருவதற்கு முந்தின அரை மணி என்று கிழிந்த துணியை ஒட்டுப்போடுகிற மாதிரிப் படித்தே வருஷத்துக்கு நூறு புத்தகத்தைத் தாண்டிவிடுவாள். பாதிக்கு மேல் திரில்லர். மீதி, ராஜகோபாலன் "இதையும் படிக்கட்டும்" என்று சேர்த்துப் போட்டு அனுப்புகிற புது நாவல்கள்.

வாடகைக்குப் புத்தகம் எடுத்தவர்களுக்குத் தெரியும், கதை முடிந்த பிறகு வருகிற வெற்றுப் பக்கம் வாசகர்களுக்குச் சொந்தமானது. "சுமார்", "நேரம் வீண்", "மச்சான்தான் கொலைகாரன், படிக்காதே" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதுவார்கள். பேனாவில் எழுதினால் ராஜகோபாலன் வள்ளென்று விழுவார், பென்சில் என்றால் கண்டுகொள்ள மாட்டார். பேர் போடும் வழக்கம் இல்லை. ஏரியாவைப் போடுவார்கள். சுந்தரவல்லி "தி.நகர்" என்று போட்டாள்.

வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போதுமா என்பதற்கு மேல் அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டது கிடையாது. அதையெல்லாம் சேர்த்து வைத்துக் கடைசிப் பக்கத்தில் கொட்டினாள். கேமராப் பதிவை வைத்தே ஓர் இன்ஸ்பெக்டர் கொலைகாரனைப் பிடித்துவிடுகிற நாவலில் எழுதினாள்: "எங்கள் கடையில் பதினொரு கேமரா இருக்கிறது. எல்லாவற்றிலும் உச்சந்தலைதான் தெரியும். எழுதியவர் கேமராப் பதிவு பார்த்ததே இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டரின் அம்மா வருகிற இரண்டு பக்கம் அருமை. அந்த அம்மாவையே துப்பறிய விட்டிருக்கலாம்."

ஐ.டி. கம்பெனி மாடியிலிருந்து ஒரு பெண் விழுந்து சாகிற கதைக்கு: "எழுபதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, மேனேஜர்தான். ஒருத்தன் காரணமில்லாமல் தினமும் காப்பி வாங்கிக் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டாமா?" வெளிநாட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் முந்நூறு பக்கத்துக்குப் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாவலுக்கு: "பரிசு வாங்கியதாம். எனக்குக் குளிர்தான் எடுத்தது. ஆனாலும் இரண்டு நாளாக அந்த மாமியாரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை."

ஒரு மாதம் கழித்து அந்தப் பனி நாவல் மறுபடியும் மஞ்சள் பையில் வந்தது. ராஜகோபாலன் மறந்துபோய் அனுப்பிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், அவள் எழுதியதற்குக் கீழே சாய்வான பொடி எழுத்தில் ஒரு பதில் இருந்தது. "ஏனென்றால் அந்த மாமியார் கடைசிவரை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே போய்விடுகிறாள். உங்களுக்குக் கொலைதானே வேண்டும்? இதுவும் கொலைதான். இப்படிக்கு மந்தைவெளி."

சுந்தரவல்லி அதை நாலு தடவை படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. ஒருவர் திருப்பிய புத்தகத்தை ராஜகோபாலன் அலமாரியில் வைக்காமல் மற்றவருக்கு எடுத்து வைத்தார். மந்தைவெளிக்குத் திரில்லர் என்றாலே இளப்பம், தி.நகருக்கு அழுமூஞ்சி நாவல் ஆகாது. சண்டை போட்டுப் போட்டு ஒருத்தர் பாதைக்கு இன்னொருத்தர் வந்தார்கள். ஒரு தடவை மந்தைவெளி எழுதியது: "உங்களால் எங்காத்தில் இன்று சாதம் அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கிணற்றடிக் காட்சியில் நான் செத்தேன்." அதைப் படித்து சுந்தரவல்லி சமையலறையில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த சத்தம் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்று காத்திருந்து கேட்ட ஒரே ஆள், அவள் முகம் பார்த்திராத அந்தச் சாய்வெழுத்துக்காரிதான். மகள் பூஜா கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசினால்கூட, "அப்பா மாத்திரை போட்டாங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

சித்திரை மாதம் ஒரு நாவல் வந்தது. அடையாறில் ஒரு ஃப்ளாட். அதில் ஒருத்தி பன்னிரண்டு வருஷமாக வாழ்கிறாள். புருஷன் அடிப்பதில்லை, பூட்டுவதில்லை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். அவளும் தினமும் கிளம்பிவிட வேண்டும் என்று நினைக்கிறாள், கடைசிவரை கிளம்பவே இல்லை. சுந்தரவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. பென்சில் முனை ஒடிய எழுதினாள்: "நம்பவே முடியவில்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது. கையைக் காலை யாரும் கட்டிப்போடவில்லை. எழுந்து போவதை விட்டுவிட்டு இருநூற்று நாற்பது பக்கம் உட்கார்ந்து யோசிக்கிறாள். இவள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது."

வைகாசி பிறந்து, பதில் வந்தது. இந்தத் தடவை அது நீளமாக இருந்தது. "தி.நகர் அவர்களுக்கு, கதவு திறந்திருந்தால் போதும் என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இதை எழுதித் தீர்க்க முடியாது, நேரில்தான் சண்டை போட வேண்டும். என் பேர் கோமளம். வயசு அறுபத்தெட்டு. எங்காத்து ஃப்ளாட்டை விற்றாகிவிட்டது. புதன்கிழமை பையன் வந்து பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போகிறான். திரும்பி வருவேன் என்று தோன்றவில்லை. வரும் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு லைப்ரரியில் இருப்பேன். உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இந்த ஊரை விட்டுப் போக மனசு வரவில்லை."

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சுந்தரவல்லிக்கு வேறு நினைப்பே இல்லை. கல்லாவைத் தாண்டுவதற்குத் திட்டம் போட்டாள். கோயில் என்றால் சுப்பம்மாவைத் துணைக்கு அனுப்புவார். டாக்டர் என்றால் ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர் என்பார். பல் வலி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம், நகை பாலிஷ் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இவ்வளவு ஓட்டையான பொய்யை யார் நம்புவார்கள் என்று தானே தள்ளிவிட்டாள். இத்தனை திரில்லர் படித்தவளுக்குத் தன் வீட்டுப் படியிறங்க ஒரு பொய் தோதாக அமையவில்லை. கடைசியில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஊதாக் கரை போட்ட சேலையை எடுத்து வைத்தாள். குளிக்கும்போது, "நான்தான் தி.நகர்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு மூன்றே காலுக்கு இறங்கினாள். முகூர்த்தக் காலம், கடையில் நிற்க இடமில்லை.

"எங்க?" என்றார் அண்ணாச்சி.

"மந்தைவெளி வரைக்கும். ஒருத்தங்களைப் பார்க்கணும்."

சொல்லிவிட்டாள். யார், எதற்கு, எப்படிப் பழக்கம் என்று வரப்போகிற எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அண்ணாச்சி காதில் போன் இருந்தது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் இருபத்தொரு பித்தளைக் குடத்துக்குக் காத்திருந்தார்கள், கடையில் ஒன்பதுதான் இருந்தது.

"நல்ல நேரத்துல வந்தே, வல்லி. நான் குடோனுக்குப் போயி குடத்த எடுத்துட்டு அரை மணில வந்துருதேன். அதுவரைக்கும் இதுல உக்காரு. வந்ததும் நீ போ" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். கேள்வியே கேட்காமல் விட்டுவிட்டாரே என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஷட்டர் முழுக்க ஏற்றியிருந்தது. எதிரே பையும் பிள்ளையுமாக ஜனம் போய்க்கொண்டே இருந்தது. இட்லிக் குண்டானுக்குப் பேரம் பேசிய ஓர் அம்மாவைச் சமாளித்தாள், பில் போட்டாள், கல்யாண வீட்டுப் பெரியவருக்கு மோர் வரவழைத்தாள். நாலு அடித்தது.

நாலு பத்துக்கு அண்ணாச்சி வியர்க்க விறுவிறுக்க வந்தார். "போ, போ, போயிட்டு வா. ஆட்டோ பிடிக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

ஆட்டோவில் போனால் இருபது நிமிஷம். ரொம்ப நேரமாகிவிடவில்லை. சுந்தரவல்லி எழுந்தாள், பையைத் தோளில் போட்டாள், கடை வாசலில் வந்து நின்றாள்.

அங்கே நின்றபோதுதான் அது வந்தது. போய் என்ன பேசுவது? பென்சிலில் அவள் பெரிய ஆள். எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் காதைப் பிடித்துத் திருகுவாள். வாயைத் திறந்தால் இருபத்தாறு வருஷமாக அவள் பேசியதெல்லாம் "சாப்பிட வாரீங்களா", "சிலிண்டர் வந்துச்சு", "சரிங்க". கோமளம் எதிரே உட்கார்ந்தால் அதுதானே வரும்? தி.நகர் என்பவள் இவ்வளவுதானா என்று அந்த அம்மா நினைத்துவிட்டால்? ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு பிசையவில்லை என்பது ஞாபகம் வந்தது. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று வானத்தைப் பார்த்தாள், வானம் வெள்ளையாக இருந்தது. அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டு, "எதுக்கு இப்ப போயிட்டு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், வீம்புக்காவது போய்விடுவாள். திரும்பிப் பார்த்தாள். அவர் குடங்களை எண்ணிக்கொண்டிருந்தார். தடுப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்று அவளே தேடிக்கொண்டிருந்தாள்.

"நேரமாயிட்டு. இனிமே எதுக்கு" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் படியேறினாள்.

வீட்டில் போய்ச் சேலையை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு, இப்போது கிளம்பினாலும் பார்க்கலாம் என்று தோன்றியது. ஐந்தரைக்கும் தோன்றியது. ஆறு மணிக்கு எழுந்து செருப்புவரை போனாள். லைப்ரரி ஆறரைக்கு மூடிவிடுவார்கள். ஆறரை ஆனதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாயைத் தலையணையில் அழுத்திக்கொண்டு அழுதாள். யார்மேல் கோபப்படுவது என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை.

வியாழக்கிழமை சுப்பம்மா பையோடு வந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம லைப்ரரில ஒரு அம்மா உனுக்கோசரம் ஏழு மணி வரிக்கும் குந்திகினு இருந்துச்சாம். சாரு சொன்னாரு. லைட்ட அணைச்ச பொறவும் படியாண்ட நின்னுகினே இருந்துச்சாம். ஏன்க்கா நீ போல?"

"எதுவும் சொல்லிட்டுப் போனாங்களா?"

"ஒண்ணியும் சொல்லலியாம். நேத்து காலீல கார்ல பூட்டாங்களாம். தோ, ரெண்டு புதுசு குட்த்துகீறாரு, மர்டர் கதையாம்."

சுந்தரவல்லி இரண்டு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். யாரும் எதுவும் எழுதவில்லை. புத்தகங்களை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள்.

மத்தியானம் அண்ணாச்சி சாப்பிட வந்தார். முகூர்த்த வியாபாரம் ஓய்ந்து ஆசுவாசமாக இருந்தார். பாதிச் சாப்பாட்டில் ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார்.

"ஞாயித்துக்கிழம மந்தைவெளிக்குப் போகணும்னியே, அவங்களைப் பார்த்தியா?"

அவள் போகவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இல்லங்க. போகலை."

"ஏன்? நாந்தான் போன்னு சொன்னேம்லா?"

குரலில் ஒரு துளி குத்தல் கிடையாது, உண்மையான ஆச்சரியம்தான். சுந்தரவல்லி கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க. நீங்க போன்னுதான் சொன்னீங்க" என்றாள்.